அப்பா உன்னத்தான் கேக்காரு

மக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் தெரியும். உன் நலம் தெரியாமல் ஐந்து மாதம் ஓடிவிட்டது. என் நலத்தை நீயும் கேட்கவில்லை. காலையில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய், பதிலுக்கு நானும் ஒன்று அனுப்புகிறேன். முப்பத்திரண்டு வருடம் ஊசி போட்ட கை இப்போது போனில் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருக்கிறது. போன் போட்டு விளித்தால் நீ எடுப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும், அதனால் கோபப்படவும் வழியில்லை. ஆகவே பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புவேன். பாதியில் மூடி வைக்காதே. உன்னிடம் நான் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்று இதில் இருக்கிறது, ஆனால் அதை எடுத்த எடுப்பில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களை வார்டில் நான் எப்படித் திட்டுவேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

இன்றைக்கு எழுத வைத்தது பக்கத்து வீட்டு ராஜம் அக்கா. வருகிற திங்கட்கிழமை எனக்குப் பித்தப்பையில் கல் எடுக்க ஆபரேஷன். அதைக் கேட்ட உடனே அவர்கள் சொன்ன முதல் வார்த்தை, "பயகிட்ட இப்பம் சொல்லாண்டாம் சிஸ்டர். எல்லாம் முடிஞ்ச பொறவு மெதுவா சொல்லலாம். அங்க ஒத்தைக்கு கெடந்து பயந்திருவான்." அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கோ அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஆகவே கேள்: கல் எடுக்கிறார்கள். ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். அறுபத்து மூன்று வயதில் மயக்க ஊசி என்றால் கொஞ்சம் ஆபத்து உண்டு என்று நான் சொல்கிறேன். இரண்டும் உண்மை. இந்த ஆபரேஷன் விஷயத்தில் இதற்கு மேல் நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

நீ எழுதிய அந்தத் துண்டுச் சீட்டு என் பைபிளுக்குள் இருக்கிறது. அப்பாவை அடக்கம் பண்ணிப் பதினோராம் நாள், கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் எழுத்து வாங்கிப் போக வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீதான் எழுதினாய். பெயர், பிறந்த நாள், மறைந்த நாள், கீழே ஒரு வசனம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய பழக்கத்தில், கேஸ் ஷீட் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"தேதிய தப்பா எழுதியிருக்கியே மக்கா. இது செவ்வாக்கெழமைக்க தேதி லா?"

"செவ்வாக்கெழமதானேம்மா நீ விளிச்ச?"

"விளிச்சது செவ்வாக்கெழம. அப்பா போனது வியாழக்கெழம வெளுப்பாங்காலம், விடியுத நேரம்."

நீ பேனாவைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாய். "அப்பம் நீ விளிச்சப்பம் அப்பா இருந்தாரா?"

"ஐசியூல இருந்தாருலே. சீரியஸ்ன்னு சொன்னம்லா? அப்பா உன்னத்தான் கேக்காருன்னு மெசேஜும் போட்டனே."

"நம்ம ஊர்ல சீரியஸ்ன்னா செத்தாச்சின்னு தானேம்மா அர்த்தம்."

கல் வெட்டுகிறவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். எத்தனையோ சாவு பார்த்த மனிதர், அவருக்கே அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. நீ சொன்னது தமிழ்தான், ஆனாலும் எனக்கு அது புரிவதற்கு நேரம் பிடித்தது. புரிந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். மக்கா, விபத்து வார்டில் எட்டு வருடம் இருந்தவள் நான். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கம்தான். இங்கே ஒரு சாவு விழுந்தால் அவர்களிடம் போனில் யாரும் செத்துப்போனார் என்று சொல்வதில்லை. "சீரியஸ், உடனே வா" என்றுதான் சொல்வோம். தனியாகக் கிடக்கிற பிள்ளை, கேட்டு மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? வந்து சேரட்டும், நாலு பேர் நடுவில் நின்று தெரிந்துகொள்ளட்டும் என்ற கரிசனம். இதைக் கிறிஸ்தவர் வீடு, இந்துக்கள் வீடு என்று பாராமல் எல்லாரும் செய்கிறோம். நானோ ஒரு படி மேலே. வார்டு வாசலில் அழுதுகொண்டு நிற்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளிநாட்டுல கெடக்க பிள்ளையளுகிட்ட நேரா சொல்லாதிங்க, சீரியஸ்ன்னு மட்டும் சொல்லுங்க" என்று எத்தனை குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அந்த ஒரு சொல்லை இந்த ஊர்க்காரர்கள் கொன்றதில் என் கையும் உண்டு.

உன்னிடமும் அதைத்தான் செய்தேன். ஏழு வருடம் முன்னால் உன் சித்தப்பா பைக்கிலிருந்து விழுந்து அந்த இடத்திலேயே போனான். நீ ஷார்ஜாவுக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவனும் நீயும் வாலிபால் கிறுக்கர்கள், அண்ணன் தம்பி மாதிரித் திரிந்தவர்கள். அவன் உடம்பு பிரீசர் பெட்டியில் இருக்கும்போது நான் உன்னை விளித்து, "சித்தப்பாவுக்கு சீரியஸ், உன்னத்தான் கேக்கான், வந்து பாத்துட்டுப் போ மக்கா" என்றேன். உன் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்கு வாயைத் திறந்தால் பஸ்தான் வரும். "ஏட்டி, பஸ்ஸு போன பொறவு ஸ்டாப்புல நிக்கவன்கிட்ட இப்பம் வந்திரும்ன்னு சொல்லப்படாது. செத்தவன செத்தான்னு சொல்லு" என்றார். நீங்க சும்மா இருங்க, நான் நர்ஸ், எனக்குத் தெரியாதா என்று வாயை அடைத்துவிட்டேன். நீ அவனுக்கென்று ஒரு ஜோடி விளையாட்டு ஷூ வாங்கிக்கொண்டு வந்தாய், எழுந்து நடக்கும்போது போடட்டும் என்று. கொட்டாரம் ஜங்ஷனில் நம் ஊருக்குத் திரும்பும் இடத்தில் லைட் கம்பத்தில் கட்டியிருந்த கறுப்புக் கொடியைப் பார்த்துத்தான் உனக்கு விஷயம் தெரிந்தது. அழுது முடித்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய்: "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்மா." உனக்காகத்தானே மறைத்தேன் என்று சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குப் போனேன். அந்த ஷூவை என்ன செய்தாய் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. அப்பா வாழைக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்து, சட்டையின் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். "ஏட்டி, கை வரல்ல" என்றார். வாய் ஒரு பக்கம் கோணியது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்து, தலைக்குள் ரத்தக் கசிவு என்று சொன்ன பிறகு, மத்தியானம் உன்னை விளித்தேன். "அப்பாவுக்கு சீரியஸ். உடனே கெளம்பி வா." நர்ஸ் வாயிலிருந்து வந்த வார்த்தை மக்கா. எங்கள் படிப்பில் சீரியஸ் என்றால் உயிர் இருக்கிறது, ஆனால் ஊசலாடுகிறது என்று அர்த்தம். அன்றைக்கு என் ஆயுளில் முதல் முறையாக அந்தச் சொல்லை அதன் சரியான அர்த்தத்தில் ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் சொன்னேன். நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்ன ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி, பேசுகிறாரா, ஒன்றுமில்லை. "சரிம்மா, வாறேன்" என்று வைத்துவிட்டாய். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. பெற்ற அப்பா கிடக்கிறார், இப்படி ஒரு கல் மனசா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

அவருக்கு நினைவு இருந்தது. வலது கை, வலது கால் போயிருந்தது, பேச்சு குழறியது, ஆனால் காது தெளிவாகக் கேட்டது. இடது கையின் பெருவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காதோரம் வைத்துக் காட்டினார். உன்னோடு பேச வேண்டுமாம். விளித்தேன், நீ எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் விளித்தேன். "அப்பா உன்னத்தான் கேக்காரு, போன எடு" என்று மெசேஜ் போட்டேன். சித்தப்பா செத்தபோது சொன்ன அதே வாக்கியம்! எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. வாசித்தபோது உனக்கு உறைத்திருக்கிறது. "அத வாசிச்ச ஒடனே எனக்கு சந்தேகமே இல்லம்மா" என்றாய் நீ, அந்த மேசையில், சீட்டைப் பார்த்துக்கொண்டே. "ரூம்ல ஒருத்தனுக்கு சீரியஸ்ன்னு போன் வந்தா நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். பேக்க எடுத்துக் குடுத்து கையப் புடிப்போம். எனக்கும் எல்லாவனும் வந்து கையப் புடிச்சிட்டானுவ. நீ விளிக்கத பாத்துட்டேதான் இருந்தேன். எடுத்தா நீ நடிப்ப. நானும் நம்புக மாதிரி நடிக்கணும். உனக்கும் அந்த பாடு வேண்டாம், என்னாலயும் முடியாதுன்னுதான் எடுக்கல்ல."

என்னைக் காப்பாற்றத்தான் நீ போனை எடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் நான் முன்பு பொய் சொன்னேன். இரண்டு பேர் அன்புக்கும் நடுவில் உன் அப்பா இரண்டு நாள் காதில் விரலை வைத்துக்கொண்டு கிடந்தார். ஐந்து மாதம் ஆகியும் என் அதிர்ச்சி முதல் நாள்போலவே இருக்கிறது. அப்பா போன அதிர்ச்சி வேறு மக்கா. அது வந்தது, அடித்தது, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அடங்குகிறது. பிரஷர் மாத்திரையை இரண்டு பேருக்கும் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப டப்பாவில் போடுவேன். வெளியே எங்காவது பஸ் விசில் கேட்டால் தலை தானாகத் திரும்பும். அதெல்லாம் அழுதால் கரைகிற துக்கம். இது அப்படி இல்லை. பாத்திரம் கழுவும்போது திடீரென்று நினைவு வந்து, இப்போதுதான் கேட்டதுபோல, ஐயோ என்று சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். ராஜம் அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், அடுப்புல கை பொள்ளிட்டா?" என்று கேட்கிறார்கள்.

நீ வந்து இறங்கிய வியாழக்கிழமை காலையையும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டைக் கம்பெனியிலிருந்து வாங்கி, புதன் ராத்திரி விமானம் ஏறினாய். நீ ஆகாயத்தில் இருக்கும்போது அப்பா போய்விட்டார். திருவனந்தபுரத்திலிருந்து கூட்டி வந்த டிரைவர் பிறகு என்னிடம், "கறுப்புக் கொடிய பாத்தும் தம்பி ஒண்ணும் அசையல்ல" என்றார். உனக்கு அதற்குள் அப்பா செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. துஷ்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் உன்னைப் பார்த்து, "கல்லு மாதிரி நிக்கான், நல்ல தைரியம்" என்று மெச்சினார்கள். எனக்கோ உள்ளுக்குள் கோபம், வேகாளம். அடக்க ஆராதனையில் உன் பக்கத்தில் நின்றபோதும், இவன் என் பிள்ளைதானா என்று நினைத்தேன். நீ உன் அழுகையை ஷார்ஜாவில், அந்த ஆறு பேர் அறையில், யாரோ பெற்ற பிள்ளைகளின் தோளில் அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாய் என்று தாய்க்குத் தெரியவில்லை. பதினோராம் நாள் அந்தச் சீட்டு வந்தது. பதினைந்தாம் நாள், லீவு மிச்சம் இருக்கும்போதே, நீ திரும்பிப் போனாய். வழக்கமாக நீ கிளம்பும்போது அப்பா காரின் மேற்கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்!" என்பார். அன்றைக்கு யாரும் தட்டவில்லை. கார் தானாகப் போயிற்று.

நீ உன்னைத்தான் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்திருந்தால், எடுத்திருந்தால் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறாயோ. மக்கா, நீ கேட்ட சொல்லுக்கு இந்த ஊர் என்ன அர்த்தம் கற்றுக்கொடுத்ததோ அதைத்தான் நீ எடுத்துக்கொண்டாய். அதைக் கற்றுக்கொடுத்தது நான். புலி வருது என்று பொய் சொன்னவன் கதையில் கடைசியில் அவன்தான் அடிபடுவான். நம் வீட்டில் சொன்னது நான், அடிபட்டது நீயும் அப்பாவும். "அப்பா உயிரோட இருக்காரு" என்று மூன்று வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். அந்த மூன்று வார்த்தை ஏன் என் வாயில் வரவில்லை என்று கர்த்தரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாம் காலம் ஆற்றிவிடும் என்கிறார்கள். நான் புண் கட்டினவள். மேலே தோல் மூடிவிட்டால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே சீழ் இருந்தால் திறந்துதான் ஆக வேண்டும். அப்போது நோயாளி கத்துவான். கத்தட்டும் என்றுதான் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நீயும் என்னிடம் கத்து, திட்டு. கட்டைவிரல் மட்டும் வேண்டாம்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் அப்பா மறுபடியும் காதில் விரலை வைத்துக் காட்டினார். கண் கெஞ்சியது. டூட்டியில் இருந்த சிஸ்டர் பழைய பழக்கத்துக்காக எனக்குக் கொஞ்ச நேரம் அனுமதி கொடுத்தாள். அப்பாவுடைய போனைத் திறந்தேன். நீ அவருக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட்டு, அவர் காதில் வைத்து, "பய லைன்ல இருக்கான், பேசுங்க" என்றேன். ஆமாம் மக்கா, அந்த நேரத்திலும் எனக்குப் பொய்தான் வாயில் வந்தது. சாகப்போகிற மனிதரிடம் சொன்ன பொய். அதனால்தான் உன்னிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

என்ன மெசேஜ் என்று கேள். "அப்பா, நீங்க குடுத்து விட்ட ஏத்தங்காய் சிப்ஸு ரெண்டு நாள்ல காலி. ரூம்ல பயலுவ டப்பாவையும் நக்கிட்டானுவ. அடுத்த மட்டம் பூட்டு போட்டு அனுப்புங்க." அவர் முகத்தின் இடது பாதி சிரித்தது. நான் பார்த்தேன், இந்தக் கண்ணால் பார்த்தேன். பிறகு குழறிக் குழறி, "சாப்டியா?" என்று கேட்டார். போனில் பதில் இல்லை. நான் குனிந்து, "சாப்டானாம்" என்றேன். அவருக்குத் திருப்தி. இன்னொன்றைத் தொட்டேன். அதில் உன் குரல் அவசரமாக இருந்தது: "செரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சி. நாளைக்கு விளிக்கேன்." அவர் இடது கையைத் தூக்கினார். கட்டிலின் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். போலாம், ரைட். அதோடு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காதில் விரலை வைத்துக் கேட்கவே இல்லை.

அவர் நிஜமாகவே நம்பினாரா, அல்லது என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு எனக்காக நம்புவதுபோல் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. டிக்கெட் எடுக்காதவனை முப்பது வருடம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்த மனிதர். உன்னிடம் சத்தியமாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: உன் குரலை அவர் கேட்டார், சிரித்தார், உன்னை அனுப்பி வைத்தார். அந்த மெசேஜ்கள் அவர் போனில் அப்படியே இருக்கின்றன. ஒரு நாளைக்கு நானும் நீயும் சேர்ந்து கேட்கலாம். தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல் வெட்டுகிறவர் நேற்று வந்தார். தேதி இல்லாமல் மற்ற எல்லா எழுத்தும் வெட்டியாயிற்றாம். தேதியை நீதான் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவசரமில்லை என்றார். ராஜம் அக்காவிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை எனக்கு எதுவும் ஆகிவிட்டால் உன்னிடம் செத்துப்போனாள் என்று சொல்ல வேண்டும், ஆகாவிட்டால் உயிரோடு இருக்கிறாள், பேசு என்று சொல்ல வேண்டும், அந்த இங்கிலீஷ் வார்த்தையை வாயில் எடுத்தால் மதிலுக்கு இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை கிடையாது என்று. "என்ன சிஸ்டர், வெட்டிப் பேசுதிய" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். நீ சம்மதித்தால் நம் சபைப் பெண்கள் கூட்டத்திலும் வாசிப்பேன். அங்கே வருகிறவர்களில் பிள்ளை வெளிநாட்டில் இல்லாதவர்கள் யார் இருக்கிறார்கள்?

நாளைக்கு விளிக்கேன் என்று நீ சொன்னதை நம்பித்தான் அப்பா ரைட் கொடுத்தார். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. நீ விளித்தால் முதலில் அப்பா கேட்டதைத்தான் நான் கேட்பேன், இந்த முறை பதிலை நீயே சொல்ல வேண்டும்.

அம்மா உயிரோடு இருக்கிறேன். விளி மக்கா.